செலவின மசோதாத் திருத்தத்துக்கு ‘இல்லை’ போட்டவர் எதற்கு ‘இல்லை’ சொன்னார்?

எக்செல் ஏகாம்பரம் கேட்டது:

வணக்கம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அரசுச் செலவின மசோதாக்கள் வரும்போது உறுப்பினர்கள் கொண்டுவரும் திருத்தங்களுக்கு யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று ஒரு எக்செல் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. பெயர்வாரிப் பதிவு எல்லாம் பொதுவில் கிடைக்கிறது, இறக்கி அடுக்கினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று மாதம் ஆகிவிட்டது. தாள் நீண்டுகொண்டே போகிறது, எனக்குப் புரிவது குறைந்துகொண்டே வருகிறது.

என் கணக்கு எளிமையானது. ஒரு துறைக்குப் பணம் கூட்டும் திருத்தத்துக்கு ‘ஆம்’ போட்டால் +1, ‘இல்லை’ போட்டால் -1. பணத்தை வெட்டும் திருத்தம் என்றால் தலைகீழ். கடைசியில் கூட்டிப் பார்த்தால் யார் எதற்கு ஆதரவு என்று தெரிந்துவிட வேண்டும் அல்லவா? ஆனால் அறிவியல் ஆராய்ச்சிக்குப் பணம் போதாது என்று போகிற இடமெல்லாம் பேசும் ஒருவர் என் தாளில் ஆராய்ச்சிக்கு எதிரியாக நிற்கிறார். இன்னொருவர் ஒரு திருத்தத்துக்கு ‘ஆம்’ போட்டு ஜெயிக்கவைத்துவிட்டு, அது சேர்ந்த மசோதாவுக்கு மறுநாளே ‘இல்லை’ போட்டிருக்கிறார். சில திருத்தங்கள் ஏற்கப்பட்டிருக்கின்றன, ஆனால் யார் வாக்களித்தார்கள் என்று ஒரு பெயர்கூட இல்லை. இதெல்லாம் போதாதென்று சபையில் இருப்பதே 435 பேர், சில வாக்கெடுப்புகளில் என் தாளில் அதற்கு மேல் வரிசைகள் வருகின்றன!

தப்பு என் தாளிலா, அவர்களிடமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

---

பின்வரிசை:

தப்பு உங்கள் +1, -1 இல்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஒருவர்தான் என்று வருத்தப்பட வேண்டாம், உறுப்பினர்களுக்கு மதிப்பெண் போட்டுத் தேர்தல் நேரத்தில் துண்டறிக்கை அடிப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள், அவர்கள் தெரிந்தே செய்கிறார்கள்.

முதலில் அந்த அறிவியல் ஆளைப் பார்ப்போம். பிரதிநிதிகள் சபையில் செலவின மசோதா விவாதத்துக்கு வரும்போது அதன் மொத்தத் தொகைக்கு ஏற்கெனவே ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். அதனால் ஒரு தலைப்பில் பணம் கூட்ட வேண்டுமானால், அதே மசோதாவுக்குள் இன்னொரு தலைப்பிலிருந்து எடுத்தாக வேண்டும். திருத்தத்தின் வாசகத்திலேயே இரண்டும் சேர்ந்து வரும், இன்ன தலைப்பில் இவ்வளவு குறைக்க, இன்ன தலைப்பில் இவ்வளவு கூட்ட என்று. இங்கேதான் வம்பு. வருடத்துக்கு 12 செலவின மசோதாக்கள், அவற்றில் ஒன்று வணிகத் துறை, நீதித் துறை, நாசா, தேசிய அறிவியல் அறக்கட்டளை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியது. ஒருவர் உள்ளூர்க் காவல்துறை மானியத்துக்குப் பணம் கூட்டத் திருத்தம் கொண்டுவருகிறார் என்றால், அந்தப் பணம் நாசாவிலிருந்து வரலாம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வரலாம். (கணக்கெடுப்பில் கைவைப்பது சுலபம், அதற்காக யாரும் ஊர்வலம் போக மாட்டார்கள்.) அப்போது நாசாவைக் காப்பாற்ற ‘இல்லை’ போட்டவர் உங்கள் தாளில் காவல்துறைக்கு எதிரி ஆகிவிடுவார். உங்கள் அறிவியல் நண்பர் ‘இல்லை’ போட்ட திருத்தத்தில் ஆராய்ச்சிக்குப் போகிற பணம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். அவர் தொகுதியில் இருக்கிற ஏதாவது ஒன்றிலிருந்து எடுத்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரே தலைப்பில் குறிப்பிட்ட தொகையைக் குறைத்து, அதே தொகையை அதே தலைப்பில் கூட்டும் திருத்தங்கள் வரும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். எதற்கு இது என்றால், திருத்தம் கொடுத்தால்தான் பேச ஐந்து நிமிடம் கிடைக்கும், ‘இந்தத் துறை இந்தப் பணத்தில் இந்த வேலையைக் கவனிக்க வேண்டும்’ என்று சொல்லிப் பதிவாக்கலாம், நாளைக்கு அதிகாரியிடம் ‘சபை சொல்லியிருக்கிறது’ என்று காட்டலாம். உங்கள் தாள் இதையும் +1 என்று எண்ணியிருக்கும்.

அப்புறம் பெயர் இல்லாத திருத்தங்கள். பெரும்பாலானவை குரல் வாக்கெடுப்பில் முடிகின்றன, தலைமையில் இருப்பவர் எந்தச் சத்தம் பெரிது என்று சொல்லிவிடுவார், அவ்வளவுதான். பெயர் பதிவாக வேண்டுமென்றால் யாராவது எழுந்து கேட்க வேண்டும், போதுமான பேர் அதை ஆதரிக்க வேண்டும். செலவின மசோதாவின் திருத்தங்களை எடுக்கும்போது சபை தன்னையே ஒரு குழுவாகப் பாவித்துக்கொண்டு உட்காரும், முழுச் சபைக் குழு என்பார்கள். அங்கே 100 பேர் இருந்தால் கூட்டம் நடத்தலாம், 25 பேர் கேட்டால் பெயர்வாரி வாக்கெடுப்பு. உங்கள் 435 குழப்பத்துக்கும் பதில் அந்தக் குழுவில்தான் இருக்கிறது. மாநிலம் அல்லாத பகுதிகளிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள், வாஷிங்டன் நகரம், போர்ட்டோ ரிக்கோ, குவாம், அமெரிக்க சமோவா, வர்ஜின் தீவுகள், வடக்கு மரியானா. இறுதி மசோதாவுக்கு அவர்களுக்கு வாக்கு இல்லை, ஆனால் முழுச் சபைக் குழுவில் சில காலகட்டங்களில் வாக்களிக்க விட்டிருக்கிறார்கள், 2007 முதல் 2010 வரை, பிறகு 2019இல் மறுபடியும். அவர்கள் வாக்குதான் முடிவை மாற்றியது என்றால் அவர்களை விட்டுவிட்டு உடனே மறுவாக்கெடுப்பு! இருக்கிறது ஆனால் இல்லை என்கிற மாதிரி ஒரு வாக்கு.

ஒன்று நினைவில் வையுங்கள், 1971க்கு முன்னால் இந்தக் குழுவில் பெயர்ப் பதிவே கிடையாது. உறுப்பினர்கள் வரிசையில் நடந்து போவார்கள், தலையை எண்ணுவார்கள், யார் எந்தப் பக்கம் நடந்தார் என்று மேலே உட்கார்ந்திருக்கும் பத்திரிகையாளர் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டால்தான் உண்டு. 1973இல் மின்னணு வாக்குப்பதிவு வந்த பிறகு பெயர்வாரி வாக்கெடுப்புகள் பெருகின. எதிர்க்கட்சிக்காரருக்குச் சங்கடம் தருவதற்காகவே திருத்தம் கொடுக்கும் பழக்கமும் கூடவே வளர்ந்தது. யாரும் பார்க்காத இடத்தில் யாரைச் சங்கடப்படுத்துவது?

---

கணக்குப்பிள்ளை:

திருத்தத்துக்கு ‘ஆம்’, மசோதாவுக்கு ‘இல்லை’ என்பதற்கு 2016 மே மாதத்தை எடுத்துப் பாருங்கள், ஒரே வாரத்தில் எல்லாம் இருக்கிறது.

நியூயார்க் உறுப்பினர் சீன் பேட்ரிக் மலோனி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அரசு ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்கள் தன்பால் ஈர்ப்பினரையும் திருநர்களையும் வேலையில் பாகுபடுத்தினால் அவற்றுக்கு இந்த மசோதாவின் பணம் போகக் கூடாது என்பது சாரம். மே 19 அன்று ராணுவக் கட்டுமான மசோதாவில் அது வாக்குக்கு வந்தபோது நேரம் முடிகையில் பலகையில் ‘ஆம்’ பக்கம் பெரும்பான்மை காட்டியது. ஆனால் வாக்கெடுப்பை மூடவில்லை. திறந்தே வைத்திருந்து, அப்போது சபையில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியினர் சிலரிடம் போய்ப் பேசி வாக்கை மாற்றவைத்தார்கள். முடிவு 212க்கு 213, திருத்தம் தோற்றது. எதிர்வரிசையில் ‘வெட்கம், வெட்கம்’ என்று ஒரே கூச்சல். நேரக் கெடு என்பது அங்கே குறைந்தபட்சக் கெடுதான், அதிகபட்சம் அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் தாளில் இருப்பது கடைசி நிலவரம் மட்டும், நடுவில் யார் மாறினார் என்பது அதில் இருக்காது.

அடுத்த வாரம் அதே ஆள் அதே திருத்தத்தை எரிசக்தி, நீர்வள மசோதாவில் வைத்தார். இந்தத் தடவை 223க்கு 195, ஜெயித்துவிட்டது. மறுநாள் மசோதா முழுதாக வாக்குக்கு வந்தது. குடியரசுக் கட்சியில் பலருக்கு அந்தத் திருத்தம் உள்ளே இருப்பது பிடிக்கவில்லை, ‘இல்லை’. ஜனநாயகக் கட்சியில் பெரும்பாலோருக்கு அதே மசோதாவில் எதிரணி செருகிய வேறு திருத்தங்களும் தொகைகளும் பிடிக்கவில்லை, அவர்களும் ‘இல்லை’. 112க்கு 305. ஒரு முழுச் செலவின மசோதா சபையில் விழுந்தது. தானே போராடி உள்ளே கொண்டுவந்த திருத்தத்தோடு சேர்த்து மசோதாவுக்கும் ‘இல்லை’ போட்டவர்களை உங்கள் +1, -1 எப்படிக் கணக்கிடும்?

அதன் பிறகு செலவின மசோதாக்களில் யார் வேண்டுமானாலும் திருத்தம் கொண்டுவரலாம் என்ற திறந்த வழி மூடப்பட்டுவிட்டது. இப்போது விதிகள் குழு தேர்ந்தெடுத்த திருத்தங்கள்தான் சபைக்கு வரும். அதனால் 2016க்கு முன், பின் என்று உங்கள் தாளை இரண்டாக வெட்டுங்கள். பின்னால் இருப்பதில் யாருக்கு எதில் விருப்பம் என்பது பாதிதான், எதை வாக்குக்கு விடலாம் என்று தலைமை நினைத்தது மீதிப் பாதி.

---

மானியக்கோரிக்கை:

நம்ம ஊர்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பதால்தான் பலருக்கு இது குழப்பம் என்று நினைக்கிறேன், அதனால் இந்தியா எப்படி என்று கொஞ்சம்.

மக்களவையில் உறுப்பினர் ஒருவர் பணத்தைக் கூட்டச் சொல்லித் திருத்தம் கொடுக்கவே முடியாது. மானியக் கோரிக்கை குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடுதான் வரும், சபை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், அவ்வளவுதான், அரசியலமைப்பின் 113ஆவது பிரிவு. மானியங்கள் நிறைவேறிய பிறகு நிதி ஒதுக்கீட்டு மசோதா வரும், அதில் தொகையையோ அது போய்ச் சேரும் இடத்தையோ மாற்றும் திருத்தம் கூடாது என்று 114ஆவது பிரிவு சொல்லிவிடுகிறது. ஆக உறுப்பினர் கையில் இருப்பது வெட்டுத் தீர்மானம் ஒன்றுதான். அதில் மூன்று வகை. ஒரு துறையின் கொள்கையே பிடிக்கவில்லை என்றால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்பார்கள். சிக்கனம் வேண்டும் என்றால் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்வார்கள். ஏதோ ஒரு குறையைச் சுட்டிக்காட்ட மட்டும் என்றால் 100 ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். பல ஆயிரம் கோடியில் 100 ரூபாய்! அந்த 100 ரூபாயால் துறைக்கு ஒன்றும் ஆகாது, அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இந்த 1 ரூபாய் விஷயம் அமெரிக்காவிலும் உண்டு என்று சமீபத்தில்தான் கவனித்தேன். ஹோல்மன் விதி என்று 1876இல் பிறந்த ஒன்று, தனியொரு அதிகாரியின் சம்பளத்தையே செலவின மசோதாவில் குறைக்க வழிசெய்வது. 1983இல் எடுத்துவிட்டார்கள், 2017இல் திரும்ப வந்தது, 2019இல் போனது, 2023இல் மறுபடி. அந்த வருடம் பாதுகாப்பு அமைச்சரின் சம்பளத்தை 1 டாலராக்கும் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. சட்டமாகவில்லை, செனட்டைத் தாண்டவில்லை.

ஆனால் பெரிய வித்தியாசம் வேறு இடத்தில். இங்கே ஒரு வெட்டுத் தீர்மானம் ஜெயித்தால் அரசு சபையின் நம்பிக்கையை இழந்ததாகத்தான் அர்த்தம், அதனால் கொறடா உத்தரவு போடுவார்கள், மீறினால் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகும். தனி உறுப்பினரின் மனசாட்சி எங்கே வரும்? கட்சிகள்தான் வாக்களிக்கின்றன. 2010 ஏப்ரலில் எரிபொருள் விலை உயர்வை எதிர்த்து எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கலாம். 201க்கு 289 என்று தோற்றது. மாயாவதியின் கட்சி அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது, முலாயம், லாலு கட்சிகள் வெளிநடப்பு செய்தன. ஜார்க்கண்டில் பாஜக ஆதரவோடு முதல்வராக இருந்த சிபு சோரன் டெல்லியில் மக்களவை உறுப்பினராக வந்து அரசுக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டார், அதனால் ராஞ்சியில் அவர் நாற்காலி ஆடி, மே மாதக் கடைசியில் ராஜினாமா. பெட்ரோல் விலைக்காகக் கொண்டுவந்த தீர்மானம் பெட்ரோல் விலையை ஒரு பைசா குறைக்கவில்லை, ஒரு மாநில அரசைக் கவிழ்த்தது.

மற்ற வருடங்களில் இந்த அளவுக்குக்கூடச் சுவாரசியம் இல்லை. நேரம் முடிந்தது என்று விவாதிக்காத கோரிக்கைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து வாக்குக்கு விடுவார்கள், கில்லட்டின் என்று பெயர். 2018இலும் 2023இலும் ஒரு துறையின் கோரிக்கைகூட மக்களவையில் விவாதிக்கப்படாமல் மொத்தமாக நிறைவேறியது.

பிரிட்டனிலும் இதே கதைதான், அங்கிருந்துதானே வந்தது. பணம் செலவிடச் சொல்லும் உரிமை அரசுக்கு மட்டும் என்று 1713இலேயே விதி போட்டுவிட்டார்கள். காமன்ஸ் சபை அரசின் செலவு மதிப்பீடு ஒன்றைக் கடைசியாக நிராகரித்தது 1919இல், எதற்கு என்றால் லார்டு சான்சலர் என்ற மூத்த அமைச்சரின் வீட்டில் இரண்டாவது குளியலறை கட்டக் கேட்ட பணத்துக்கு!

---

சலிப்பு:

இவ்வளவு படித்தபின் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான், எல்லாம் நாடகம். இங்கே 100 ரூபாய் நாடகம், அங்கே 1 டாலர் நாடகம். ஜெயித்த திருத்தமும் செனட்டில் போய்ச் சாகும், இல்லை என்றால் டிசம்பர் மாதம் தலைவர்கள் நாலு பேர் அறைக்குள் உட்கார்ந்து எல்லா மசோதாவையும் ஒன்றாகக் கட்டும்போது காணாமல் போகும். 2014இல் உளவு அமைப்புகள் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அமெரிக்கர்களின் தகவலைத் தேடக் கூடாது என்று 293க்கு 123 என்று ஒரு திருத்தம் ஜெயித்ததே, இறுதிச் சட்டத்தில் இருந்ததா? இல்லை. ஏகாம்பரம் அண்ணே, தாளை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

சலிப்பு சொல்வதில் பாதி சரி, மீதிப் பாதிக்கு அதே 2014லிருந்தே பதில் சொல்கிறேன்.

மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களின் சட்டங்களில் தலையிட நீதித் துறை பணம் செலவிடக் கூடாது என்று ஒரு திருத்தம். 2003இல் முதலில் வந்தபோது 152க்கு 273, படுதோல்வி. பிறகு 2004, 2005, 2006, 2007, 2012 என்று வந்துகொண்டே இருந்தது, தோற்றுக்கொண்டே இருந்தது. 2014 மே மாதம் 219க்கு 189 என்று ஜெயித்தது, அந்த 219இல் குடியரசுக் கட்சிக்காரர்கள் 49 பேர். டிசம்பரில் தலைவர்கள் கட்டிய அந்த மூட்டைக்குள் இது பத்திரமாக இருந்தது, சட்டமாகிவிட்டது. 2016இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலச் சட்டப்படி நடப்பவர்கள்மேல் வழக்கு நடத்தவும் இந்தப் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஒரு வரித் திருத்தம், நிஜ மனிதர்கள் ஜெயிலுக்குப் போவதைத் தடுத்தது. செலவின மசோதாவில் புதுச் சட்டம் இயற்றக் கூடாது என்பது சபை விதி, அதனால்தான் எல்லாமே ‘இந்தப் பணத்தை இதற்குச் செலவிடக் கூடாது’ என்ற அச்சில் வார்க்கப்படுகிறது. கருக்கலைப்புக்கு அரசுப் பணம் கூடாது என்று 1976இல் வந்த ஹைடு திருத்தமும் இதே அச்சுதான். ஒரே சங்கடம், அந்த மசோதாவின் ஆயுள் ஒரு நிதியாண்டு, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும்.

ஏகாம்பரத்துக்கு இதில் வேலை இருக்கிறது. தோற்ற வருடங்களையும் சேர்த்து, ஒரே திருத்தம் வருடா வருடம் யாரை இழுத்தது, யாரை விட்டது என்று பார்த்தால் ஒரு உறுப்பினர் மனம் மாறியது தெரியும். வெவ்வேறு திருத்தங்களைக் கூட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கட்சி எல்லை உடைவதைப் பார்க்கவும் இந்தத் திருத்தங்கள்தான் நல்ல இடம். 2013 ஜூலையில் தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாக அள்ளுவதற்குப் பணம் தரக் கூடாது என்று குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜஸ்டின் அமாஷ் பாதுகாப்பு மசோதாவில் கொண்டுவந்தது 205க்கு 217 என்று தோற்றது. ஆதரித்தவர்கள் குடியரசுக் கட்சி 94, ஜனநாயகக் கட்சி 111. எதிர்த்தவர்கள் 134, 83. இரண்டு கட்சித் தலைமைகளும் ஒரே பக்கம், இரண்டு கட்சிப் பின்வரிசைகளிலிருந்தும் பலர் இன்னொரு பக்கம். இந்திய மக்களவையில் கொறடா இருக்கும்வரை இப்படி ஒரு பட்டியலைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

---

பின்வரிசை:

தலைமை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், உறுப்பினர்கள் ஒருவர் சோற்றில் இன்னொருவர் மண் போடுவதில்லை. அரிசோனாக்காரர் ஜெஃப் ஃப்ளேக், சக உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்கென்று செருகிய திட்டங்களை ஒவ்வொன்றாக நீக்கத் திருத்தம் கொண்டுவருவார், தன் கட்சிக்காரர் திட்டமானாலும் விடமாட்டார். வருடக்கணக்கில் படுதோல்விதான், உன் திட்டத்தை நான் இன்று வெட்டினால் நாளைக்கு என் திட்டத்தை நீ வெட்டுவாய் என்ற பயம் எல்லோருக்கும். 2007இல் ஒன்று ஜெயித்தது, 249க்கு 174. என்ன திட்டம் தெரியுமா, வட கரோலினாவில் கிறிஸ்துமஸ் மரத்தை வைத்து ஊரை விளம்பரப்படுத்த 1,29,000 டாலர். சிக்கனத்தால் ஜெயித்ததா, அதைச் செருகிய உறுப்பினர்மேல் எதிரணிக்கு இருந்த எரிச்சலால் ஜெயித்ததா என்று கேட்டால், என் ஓட்டு இரண்டாவதற்கு. அந்த உறுப்பினர் மற்ற திருத்தங்களில் சிக்கனம் பேசிக்கொண்டிருந்தவர்.

---

எக்செல் ஏகாம்பரம்:

எல்லோருக்கும் நன்றி. சலிப்பு சார், மூட மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த அறிவியல்காரரின் வாக்குகளைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அவர் ‘இல்லை’ போட்டவை ஏழு திருத்தங்கள். ஐந்தில் பணம் எடுக்கப்பட்ட இடம் வானிலை, கடல் ஆய்வு. அதுவும் அறிவியல்தான்! அறிவியலைக் காப்பாற்ற அறிவியலுக்கு எதிராக வாக்களித்து என்னிடம் ஐந்து தடவை -1 வாங்கியிருக்கிறார் பாவம். மீதி இரண்டுக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

இப்போது ‘பணம் எங்கிருந்து’ என்று ஒரு பத்தி, ‘குரலா, பெயரா’ என்று ஒரு பத்தி, ‘கடைசியில் சட்டத்தில் இருந்ததா’ என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். கூட்டல் பத்தியை அழித்துவிட்டேன். செனட்டையும் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை, அங்கேயும் இதே முறைதானா?

---

பின்வரிசை:

ஐயோ, செனட்டா. அங்கே ‘ஆம்’ என்றால் ஆம் என்றுகூட நம்ப முடியாது. ஒரு திருத்தத்தை ஒத்திவைக்கத் தீர்மானம் வரும், அது ஜெயித்தால் திருத்தம் செத்தது, ஆக ‘ஆம்’ போட்டவர்தான் திருத்தத்தின் எதிரி. பட்ஜெட் விதியை மீறுகிறது என்று ஒருவர் ஆட்சேபம் எழுப்பினால், அந்த விதியைத் தளர்த்தலாமா என்றுதான் வாக்கெடுப்பு நடக்கும், அதற்குப் பெரும்பாலும் 60 பேர் வேண்டும். 55க்கு 45 என்று பார்த்துவிட்டு ஜெயித்தது என்று எழுதிவிடாதீர்கள், தோற்றது. விவாதத்தை முடிக்கும் வாக்கெடுப்பு தோற்கிற மாதிரி இருந்தால் பெரும்பான்மைத் தலைவர் தன் மசோதாவுக்கு எதிராகவே கடைசி நிமிடத்தில் ‘இல்லை’ என்று மாற்றிப் போடுவார், தோற்ற பக்கத்தில் இருந்தால் மறுபரிசீலனை கேட்க முடியாது என்பதால். பெயரை மட்டும் பார்த்தால் அவரே எதிரி.

வரி, செலவு எல்லாம் சேர்ந்த பெரிய பட்ஜெட் மசோதாக்களில் விவாத நேரம் முடிந்ததும் வரிசையாகத் திருத்தங்களை வாக்குக்கு விட்டுக்கொண்டே போவார்கள், விடிய விடிய. 2025 ஜூன் 30 காலையில் தொடங்கியது மறுநாள் மதியம் வரை 24 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பெரும்பாலானவை கட்சிவாரியாக விழுந்தன. நடுவில் செயற்கை நுண்ணறிவை மாநிலங்கள் ஒழுங்குபடுத்துவதைத் தடுக்கும் பகுதியை நீக்கும் திருத்தம் மட்டும் 99க்கு 1 என்று ஜெயித்தது. அந்த 99 பேரும் ஒரே கருத்துக்காரர்கள் என்று நினைக்கிறீர்களா? தோற்பது உறுதி என்று தெரிந்ததும் கடைசிப் பேருந்தில் ஏறியவர்கள் அதில் எத்தனையோ பேர். மசோதா முழுதாக வந்தபோது 50க்கு 50, துணை ஜனாதிபதி வந்து தன் வாக்கைப் போட்டார்.

சேர்க்கத்தான் வேண்டும் என்றால் தனித் தாளில் சேருங்கள். ‘எதன்மேல் வாக்கெடுப்பு’ என்ற பத்தி முதல் பத்தியாக இருக்கட்டும், பெயர்ப் பத்திக்கும் முன்னால்.

---

மானியக்கோரிக்கை:

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லவில்லை என்பதால். பிரதிநிதிகள் சபைக் கோப்பில் சில இடத்தில் ‘ஐ’ (Aye), ‘நோ’ (No) என்றும் சில இடத்தில் ‘யே’ (Yea), ‘நே’ (Nay) என்றும் இருக்கும். எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். திருத்தங்கள் நடக்கும் முழுச் சபைக் குழுவில் முதல் ஜோடி, இறுதி மசோதாவில் பெரும்பாலும் இரண்டாவது ஜோடி. அந்த ஆறு பேர் எங்கெல்லாம் வருவார்கள் என்று பிரிக்க அது ஓரளவு உதவும்.

---

எக்செல் ஏகாம்பரம்:

போன மாதமே திருத்திவிட்டேனே. நாலாயிரம் வரிசை. சரி, பழைய கோப்பு எங்காவது இருக்கிறதா என்று பார்க்கிறேன்.